பதினோரு காய்கள்

காய் என்ற சொல்லைக் கொடுத்தது நான்தான்.

கம்பெனியில் அதற்காக ஒரு கூட்டம் நடந்தது. பொம்மையைத் திருப்பி அனுப்பும்படி, வீட்டுச் சுவரில் நாங்கள் வைக்கும் மாடத்திடம் குழந்தை எப்படிச் சொல்லும் என்பது கேள்வி. "நீக்கு" என்றார் ஒருவர். எந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை "நீக்கு" என்கிறது என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார் இன்னொருவர். சோற்றுக்கும் குளியலுக்கும் தூக்கத்துக்கும் வேண்டாம் சொல்கிற குழந்தை அது. நான் சுண்டுவிரலை நீட்டி, "காய்" என்றேன். பிறகு ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, "பழம்." மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் எப்போதோ யாரோ காய் விட்டது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

இப்போது கட்டுகிற அடுக்ககங்களில் மாடம் இல்லாத வீடு கிடையாது. வீடு நானூறு சதுர அடி. பொம்மை வைக்க இடமில்லை. ஆகவே பொம்மை யாருக்கும் சொந்தமில்லை. கூடத்துச் சுவரில் பன்னிரண்டு குழிகள், குழிக்கு ஒரு பொம்மை. அலுத்துப்போனதைக் குழந்தை குழியில் வைத்துக் காய் விடும். சிறு கதவு மூடும். பொம்மை சுவருக்குள்ளேயே இறங்கித் தரைக்கடியில் இருக்கும் கிடங்குக்குப் போகும். அங்கே கழுவி வேறு வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாள் காலை அதே குழியில் புதிதாக ஒன்று இருக்கும். மனம் மாறினால் பத்து நொடிக்குள் பழம் சொல்ல வேண்டும். பதினோராவது நொடியில் சொன்னால் கதவு திறக்காது.

தரையில் ஒரு பொம்மைகூடக் கிடக்காத வீடு. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டார்கள்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் மனைவி ரோஸ்லினிடம் சொன்னேன். எங்கள் மகள் எஸ்தர் அப்போது கைக்குழந்தை, அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"காய், பழம் நல்லாத்தான் இருக்கு. அது என்ன பத்து செகண்டு?"

"அதுக்கு மேல வச்சிருந்தா கிடங்குல சாமான் தேங்கும்."

"நான் உங்கிட்ட காய் விட்டா நாலு நாள் ஆகும்லா பழம் விட? பத்து செகண்டுல எந்தப் பிள்ளைக்குக் கோவம் ஆறும்?"

"இது பொம்மைக்கு, ரோஸ்."

"பிள்ளைக்கு அது தெரியுமா? பழம் விடத்தானே காயே விடுறோம்."

அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

ரோஸ்லின் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகிறது. எஸ்தர் என்னிடம் பேசி நாற்பத்தொரு நாள்.

அவளுக்கு நாலரை வயது. மற்ற எல்லோரிடமும் பேசுகிறாள். பள்ளி வேனில் வரும் ஆயாவிடம் வாசலில் இருந்தே கதை ஆரம்பித்துவிடும். போனில் சித்தியிடம் பாட்டுப் பாடுகிறாள். என்னைப் பார்த்தால் சுண்டுவிரலை நீட்டுவாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள். தலை வாரினால் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் சுண்டுவிரல்.

முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை காய் விடுகிறது, நாளைக்குச் சரியாகும் என்று இருந்தேன். பிறகு ஒரு நாள் கீழே விளையாட்டுத் திடலில் வேனுக்காக நின்றேன். இரண்டு சிறுமிகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டார்கள். ஒருத்தி சுண்டுவிரலை நீட்டினாள். மற்றவள் முகம் வெளுத்து, தன் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, அவ என்னைக் கீழ அனுப்பிட்டா!"

அந்த அம்மா விரலை நீட்டியவளைத் திட்டினாள். கெட்ட வார்த்தை பேசியதற்குத் திட்டுவதைப் போலத் திட்டினாள். அப்போதுதான் கவனித்தேன். அந்தத் திடலில் நாற்பது குழந்தைகள் இருப்பார்கள். வேறு ஒருவரும் இன்னொருவரிடம் காய் விடுவதில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு கதவு மூடும், போனது திரும்பாது என்று அவர்களுக்குத் தெரியும். பழம் என்பதைப் பத்து எண்ணுவதற்குள் சொல்ல வேண்டும் என்றும் தெரியும்.

எஸ்தரும் அந்தத் திடலில் விளையாடுகிறவள்தான்.

வியாழக்கிழமை ஜாய்ஸ் போன் செய்தாள். ரோஸ்லினின் தங்கை, நாகர்கோவிலில் டீச்சர்.

"அத்தான், சனிக்கிழமை காலைல வாறேன். பிள்ளைய கூட்டிட்டுப் போயிருதேன்."

"லீவுக்கா?"

"லீவுக்கு இல்ல. இங்கயே ஸ்கூல்ல சேத்துருவோம். நான் பாத்துக்கிடுவேன். அவ உங்ககிட்ட பேசவே மாட்டேங்காளே."

"பேசுவா."

"எப்போ? ஒன்றரை மாசம் ஆச்சு. நேத்து எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'சித்தி, உங்க வீட்ல சுவத்துல ஓட்ட இருக்கா?'ன்னு கேட்டா. இல்லன்னேன். 'அப்போ நான் அங்க வாறேன்'னா." பேச்சை மாற்றினாள். "நீங்க சாப்பிடுதீங்களா அத்தான்?"

"சாப்பிடறேன்."

"பொய் சொன்னாலும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அவளை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எஸ்தர் எதற்காகக் காய் விட்டாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் மாடத்தில் ஒரு காய்கறி செட் இருந்தது. வேப்ப மரத்தில் கடைந்தது, பன்னிரண்டு உருப்படி. கத்தரி, வெண்டை, முருங்கை, தக்காளி, பாகல், பச்சை மிளகாய், ஒரு பூசணிக் கீற்று, இன்னும் சில, ஒரு காரட். மற்ற குழிகளில் பொம்மைகள் வந்தன, போயின. இந்த செட் மட்டும் எட்டு மாதம் இருந்தது. ரோஸ்லின் படுக்கையில் இருந்த எட்டு மாதம்.

நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வேன். கதவு வழியாகக் கேட்கும், ரோஸ்லின்தான் ஆரம்பிப்பாள்.

"பசிக்குது, சமையக்காரம்மா."

"இருங்க, காய் நறுக்கிட்டு இருக்கேன்."

"எத்தனை மணிக்குதான் சோறு போடுவ? வேற ஆளு பாக்கட்டா?"

"வேற ஆளுக்கு என்னைய மாதிரி வராது!"

பிறகு ஊட்டும் நேரம். ரோஸ்லின் ஒவ்வொரு தடவையும் ஒரே குறைதான் சொல்வாள். "உப்பு கம்மி." எஸ்தர் அடுக்களைக்கு ஓடுவாள்.

ஒரு நாள் மரம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எஸ்தர் வீறிட்டாள். "அம்மா நெசமாவே கடிச்சிட்டா!" நான் எழுந்து போய்ப் பார்த்தேன். ரோஸ்லின் காரட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதன் மேல் நான்கு பல் தடம். அந்தச் சமயத்தில் அவளால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை.

"கம்பெனி சாமான்," என்றேன்.

"கம்பெனிக்காரன் வந்துட்டான்டி, ஒளிச்சு வை," என்றாள்.

எஸ்தர் காரட்டைக் கவுனுக்குள் ஒளித்துக்கொண்டாள். எனக்கு இன்னொரு கூட்டம் இருந்தது. போய்விட்டேன். அவர்களுடைய விளையாட்டை நான் உள்ளே வந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் அந்த செட் மாடத்தில் இல்லை. மறுநாள் காலை குழியில் ஒரு பிளாஸ்டிக் ரயில் இருந்தது. செட் போன அன்றிலிருந்து சுண்டுவிரல்.

நான் நினைத்தது இதுதான். எஸ்தர் காய்கறிகளைக் குழியில் அடுக்கிக் கடை வைத்திருக்கிறாள். காய்க்காரர் மாதிரி "காய், காய்" என்று கூவியிருக்கிறாள். மாடம் அதைத் தன் சொல்லாக எடுத்துக்கொண்டு செட்டை இறக்கிவிட்டது. காய் என்றால் கத்தரிக்காயும்தான் என்பது கூட்டத்தில் இருந்த ஒன்பது தமிழர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாடம் அப்பா செய்தது என்று எஸ்தருக்குத் தெரியும். ஆகவே கோபம் என்மேல்.

செட்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை அவளை வேனில் ஏற்றிவிட்டுக் கிடங்குக்குப் போனேன்.

மூன்று வருடத்தில் நான் அங்கே போனது அதுவே முதல் தடவை. எங்கள் வளாகத்தின் ஆறு கட்டடங்களுக்கும் அது ஒன்றுதான். கார் நிறுத்தத்துக்கும் கீழே ஒரு தளம். சுவர் முழுக்கக் குழாய் வாய்கள், அவற்றிலிருந்து விழும் தட்டுகள், சோப்பு நுரைத் தொட்டிகள். ஒரு கரடி தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தது. கஜலட்சுமி என்ற பெண் பொறுப்பில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரை கையுறை. என் அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்த காய் சாரா?"

"என்ன?"

"காய், பழம்னு வச்சது நீங்கதானாமே. இங்க எல்லாரும் உங்கள காய் சார்னுதான் சொல்வோம். தப்பா எடுத்துக்காதீங்க, பேரு தெரியாது." கையுறையைக் கழற்றினாள். "இன்னா சார் வேணும்?"

"ஒரு மரக் காய்கறி செட். பி பிளாக், எட்டாவது மாடியிலிருந்து வந்தது. நாற்பத்தொரு நாள் முன்னாடி."

அவள் சிரித்தாள். "அந்த செட்டா! அத்த கேக்க ஒரு ஆளு இப்பதான் வருது பாரு. மூணு தடவ எழுதிப் போட்டேன் சார் உங்க ஆபீசுக்கு. படிக்கறீங்களா இல்லியா?"

எனக்கு வந்தவற்றை நான் ஒன்றரை மாதமாகத் திறக்கவில்லை. சொல்லவில்லை.

"ஒம்போது வூடு சுத்திட்டு வந்துக்குது சார் அது. எந்தப் புள்ள கையில குடுத்தாலும் இன்னா பண்ணும்? கடை வைக்கும். குழியில அடுக்கிக்கினு காய், காய்னு கத்தும். கதவு மூடிக்கும். சாமான் கீழ வந்துடும். புள்ள அழுவும். அம்மாக்காரி எனக்குப் போன் போட்டு கத்துவா. நான் உங்களுக்கு எழுதுவேன். நீங்க கம்முனு இருப்பீங்க. இத்தான் நடக்குது."

"எங்க வீட்டிலயும் அதுதான் நடந்திருக்கும்."

"பாத்துடலாம்." திரையில் தேடினாள். "பி எட்டு நாலு. எஸ்தர். எட்டு மாசம் வச்சினு இருந்துக்குது. பரவால்லியே." அவள் விரல் நின்றது. "இது குழந்த கொரல் இல்ல சார்."

"பின்னே?"

"பெரியவங்க கொரல்னு போட்டுக்குது. ஆம்பள."

குழந்தைகள் காய் விடவே மாட்டேன் என்கிறார்கள் என்று சில பெற்றோர் புகார் செய்ததால் பெரியவர்களுடைய குரலையும் பிறகு சேர்த்திருந்தோம். முதலில் சோதித்தது என் குரலைக் கொண்டுதான். எந்த மாடமும் வேறு யாருடையதையும்விட என் குரலை நன்றாகப் புரிந்துகொள்ளும்.

"கேக்கறீங்களா?" என்றாள். கேட்கிறேன் என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. அழுத்திவிட்டாள்.

"காய் வேண்டாம்," என்றது என் குரல். தட்டையாக இருந்தது. "இல்ல. காய் எதுவும் வேண்டாம். இனிமே கொண்டு வராதீங்க."

அதன் பிறகு பத்து நொடி. வெறும் மின்விசிறிச் சத்தம். அப்புறம் கதவு மூடும் சத்தம்.

அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் சபையிலிருந்து ஜெபத்துக்கு வருவதாக இருந்தது. கூடம் முழுக்கக் காய்கறிகள் சிதறிக் கிடந்தன. நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டேன். தட்டைக் குழியில் வைத்தபோது போன் வந்தது. வாராவாரம் வரும் காய்க்காரர். காய் கொண்டுவரட்டுமா சார் என்று கேட்டார். நான் மாடத்தின் எதிரில் நின்று பதில் சொன்னேன். எஸ்தர் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் கவுனுக்குள் வைத்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைக்காரர்களுக்கு நாற்காலி போட நான் உள்ளே போய்விட்டேன்.

அம்மாவின் விளையாட்டை எல்லாம் பொறுக்கிக் குழியில் வைத்து அப்பா காய் விட்டார். பத்து எண்ணும் வரை பழம் சொல்லவில்லை. அவள் பார்த்தது அவ்வளவுதான். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

கஜலட்சுமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "குந்துங்க சார்."

உட்கார்ந்தேன்.

"உங்க வூட்ல..."

"மனைவி தவறிட்டாங்க."

அவள் எழுந்து போய்க் கழுவியதை உலர்த்தும் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "நேத்துதான் திரும்ப வந்துச்சு. எடுத்துனு போங்க. எழுதிக்க மாட்டேன்."

கத்தரி, வெண்டை, முருங்கை. எல்லாம் இருந்தன. காரட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"இது வேற காரட்."

"ஆமா, புதுசு. உங்க வூட்லேந்து வரும்போதே பதினொண்ணுதான் வந்துச்சு. பாருங்க, எடை கம்மின்னு போட்டுக்குது. காரட்டு ஒண்ணு இல்ல. நான்தான் வேற வச்சேன்." என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சார்?"

சோபா ஞாபகம் வந்தது. கவுனுக்குள் இரண்டு கைகள்.

தட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"அடுத்த குழந்தை யாரு?" என்றேன்.

"ஈ பிளாக்ல ஒண்ணு. நாளைக்குக் குடுத்தா திங்கக்கிழம திரும்பி வந்துடும்."

"குடுங்க. எங்க வீட்டு மாடத்திலேருந்து என் குரலை எடுத்துட முடியுமா?"

"முடியும். அப்பறம் அது உங்க பேச்சக் கேக்காது."

"பரவாயில்ல."

"இப்ப மட்டும் உங்க வூட்ல யாரு கேக்கறாங்க," என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வரவில்லை, ஆனால் வந்தது.

லிஃப்ட்டில் ஏறும்போது மேலாளருக்கு ஒரு வரி எழுதினேன். 'பழத்துக்கு நேரக் கெடு வேண்டாம்.' எட்டாவது மாடி வருவதற்குள் பதில் வந்தது. 'கிடங்கில் இடம்?' பதில் எழுதாமல் போனைப் பைக்குள் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு வேன் வந்தது. எஸ்தர் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். சுண்டுவிரலை நீட்டினாள். கை கழுவினாள். தயிர்சாதம் சாப்பிட்டாள். என்ன நடந்தது என்று அவளிடம் விளக்க நினைத்தேன். போன், காய்க்காரர், குரல், சொல்லுக்கு இரண்டு அர்த்தம். வரிசையாக மனத்தில் சொல்லிப் பார்த்தேன். ரோஸ்லின் கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பாள்.

நாற்பத்தாறு நாளாக நான் கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன். ரோஸ்லின் படுத்திருந்த கட்டிலில் எஸ்தர் படுக்கிறாள். அன்று நான் போய் அந்தக் கட்டிலில் படுத்தேன். ஜன்னல் பக்கம், ரோஸ்லின் படுக்கும் பக்கம். தலையணை சரியில்லை. உறைக்குள் ஏதோ உறுத்தியது. கையை விட்டுப் பார்க்கவில்லை.

அறை வாசலில் எஸ்தர் வந்து நின்றாள். என் காலைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"பசிக்குது, சமையக்காரம்மா," என்றேன்.

அவள் அசையவில்லை. வெளியே யாரோ மாடியில் துணி உதறினார்கள். நான் பத்து எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"எத்தனை மணிக்குதான் சோறு போடுவ? வேற ஆளு பாக்கட்டா?"

அவள் வந்தாள். என் தலையை இரண்டு கைகளாலும் தள்ளினாள். தலையணை உறைக்குள் கையை விட்டுக் காரட்டை எடுத்தாள். பிடித்துப் பிடித்துச் சாயம் போயிருந்தது. நான்கு பல் தடங்களும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என் வாயருகே கொண்டுவந்தாள்.

வாயைத் திறந்தேன்.

வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் அம்மாவோடது," என்றாள். திருப்பிப் பிடித்தாள். "இந்தப் பக்கம் கடி, அப்பா."

கடித்தேன். மரம் கசந்தது.

"உப்பு?" என்று கேட்டாள்.

"கம்மி," என்றேன்.

அடுக்களைக்கு ஓடினாள்.